அவருக்கு மட்டும் கேட்காத குழல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் பெரியப்பாவுக்கு நடந்தது.

சாயங்காலம் மணி ஆறரை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ரயில்வே கிடங்குக்குப் பின்னால் போகிற சாலை... ஒரு பக்கம் நீண்ட மதில், மறுபக்கம் புதர். ஆள் நடமாட்டமே இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் நடந்துகொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் தோளில் கிடார். பஸ் டிப்போவில் மெக்கானிக் அவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலில் டீசல் வாடை போகாது.

சாலை முடிகிற இடத்தில் ஒரு மாடி அறை. அதுதான் நாட்டுப்பாடல் மன்றம். மாதம் ஒருநாள் கூடுவார்கள். நாற்பது நாற்காலி, ஒரு மைக், ஃபிளாஸ்கில் டீ. செயலாளர் ஒரு பல் டாக்டர். "என்கிட்ட வரும்போதுதான் வாயத் திறக்க மாட்டேங்கறீங்க, பாடும்போதாவது நல்லாத் திறங்க" என்று எல்லோரையும் வம்புக்கு இழுப்பார்.

ஆறு வருடமாகப் பெரியப்பா அங்கே மகளோடுதான் போனார். அவர் பாடுவார், பக்கத்தில் நின்று அவள் புல்லாங்குழல் வாசிப்பாள். பெரியம்மா ஒருநாள்கூட வந்ததில்லை. "உங்க ரெண்டு பேர் கச்சேரியத்தான் வீட்டுலயே தினம் கேக்கறேனே" என்பார்.

அந்தச் சாயங்காலத்துக்கு எட்டு மாதம் முன் அந்தப் பெண் காய்ச்சலில் படுத்தாள். பதினேழு வயது. ஐந்தாம் நாள்... போய்விட்டாள்.

அதற்குப் பிறகு பெரியப்பா கிடாரைத் தொடவில்லை. பெரியம்மாதான் அன்றைக்குக் கிளப்பினார். "வாங்க. இப்பவாவது நான் வந்து கேக்கறேன்."

அவரைக் கண்டதும் அறையில் பேச்சு அடங்கியது. மைக் முன்னால் நின்றார். பாடினார். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் குழலுக்காகக் கொஞ்சம் இடைவெளி விடுவது பழக்கம். வாய் தானாக நின்றது. கை மட்டும் மெதுவாகத் தந்தியைத் தட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறிச் சத்தம்... யாரோ நாற்காலியை நகர்த்தியது... அவ்வளவுதான். இரண்டாவது சரணத்திலும் அப்படியே. எப்படியோ பாடி முடித்தார்.

யாரும் கைதட்டவில்லை. நிமிர்ந்து பார்த்தார். எல்லார் முகமும் வெளுத்திருந்தது. டாக்டர் எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது.

"குழல எப்ப பதிவு பண்ணி வெச்சீங்க? சொல்லவே இல்லையே."

"எந்தக் குழல்?"

டாக்டர் அவரையே பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்துகொண்டார்.

திரும்பும்போது மதில் பக்கம் பெரியப்பா நின்றுவிட்டார்.

"நீயும் கேட்டியா?"

"கேட்டேன்."

"அவதானா?"

"ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்குனா... அந்தக் கடைசி நாள் மாதிரியே. அவதாங்க."

"எனக்கு ஏன் கேக்கல?"

பெரியப்பா ஈர மதிலில் நெற்றியை வைத்து அழுதார்.

அப்புறம் ஒரு மாதம்கூடத் தவறாமல் போனார்கள். ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. இடைவெளி வரும்போது கூட்டத்தின் முகங்களைப் பார்ப்பார். கண்கள் நிறைவதை வைத்து, மகள் வாசிக்கிறாள் என்று தெரிந்துகொள்வார். அதுவும் போதும் என்றிருந்தார்.

ஐந்தாவது மாதம். முதல் சரணம் முடிந்தது. அன்றைக்கு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் பெரியப்பா சட்டென்று பக்கவாட்டில் திரும்பினார். சிரித்தார். எட்டு மாதமும் ஐந்து மாதமும் சேர்த்து வைத்த சிரிப்பு. தந்தியில் விரல் நின்றுபோனது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்... கேட்கக் கேட்கச் சிரிப்பு வற்றியது. பாட்டை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்தார்.

வெளியே வந்ததும் பெரியம்மா கேட்டார். "என்ன வாசிச்சா?"

"வாசிக்கல. பேசினா."

"என்னங்க சொன்னா?"

அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

மன்றத்துக்குப் போவது நின்றது. வேலைக்குப் போவதும் நின்றது. பெரியம்மா மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாலும் பெரியப்பா கூடவே போகிறார். பெரியம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொள்கிறார். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறவரை, யாரிடமோ மெல்லக் கெஞ்சிக்கொண்டிருப்பாராம்...

"அம்மாவக் கூப்பிடாதம்மா... பதிலா அப்பா வரேன்."