பூசத்துக்கு முன் பூரித்த முகம்

— இளநீர் மட்டுமா குடுத்தீங்க, ஓதுவாரய்யா?

— உப்புப் போட்ட நீர்மோரும் குடுத்தேன், டாக்டரம்மா. பிள்ளைக்குச் சிறுநீர் பால் விடாத கோப்பி-ஓ நிறத்துல போச்சு. விரதச் சூடுதான்னு நினைச்சுட்டேன். குளிரட்டுமேன்னு அரைமணிக்கு ஒருதரம் ஊத்தினேன்.

— அது சூடு இல்ல லா, ரத்தம். சிவானி, காலை நீட்டுடா. பாருங்கய்யா, அமுக்கினா குழி விழுது. முகமும் வீங்கியிருக்கு. கவனிக்கலையா?

— வீக்கமா? கோயில்ல பாக்கறவங்க எல்லாம், “பதிகம் பாடற பிள்ளை, முகத்துல என்ன களை”ன்னாங்க. நானும் அருள்னே நம்பினேன்.

— சிவானி, காலையில கண்ணைத் திறக்கக் கஷ்டமா இருந்துச்சா?

— ஆமா டாக்டர். ஸ்கூல்ல எல்லாரும் பாண்டான்னு கூப்பிட்டாங்க. அப்பாகிட்ட சொன்னேன். பாண்டா சாதுவான பிராணி, கோவிச்சுக்காதேன்னாங்க.

— ரொம்ப நல்ல அப்பா. ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடி இவளுக்குத் தொண்டை வலி வந்துச்சா, ஐயா?

— வந்துச்சு. என் பாட்டு வகுப்புல பாதிப் பிள்ளைங்களுக்கு வந்துச்சு. மிளகும் கற்கண்டும் குடுத்தேன். குரல் மணி மாதிரி தெளிஞ்சுருச்சு.

— குரல் தெளிஞ்சுது, சரி. ஆனா கிருமியை எதிர்த்துக் கிளம்பின உடம்பு, இப்ப சிறுநீரகத்தையும் சேத்து அடிக்குது. அந்த அழற்சிதான் இது. இப்பவே வார்டுல சேக்கணும்.

— நாளன்னிக்குத் தைப்பூசம், தாயே. தொண்டை தெளிஞ்சதுக்கு நேர்ந்துகிட்ட பால்குடம். டாங்க் ரோடு முருகன் கோயில்ல இவ இறக்கி வச்சதும், நானே கூட்டிக்கிட்டு வந்துடறேன்.

— ரத்த அழுத்தம் ஏறி நிக்குது. வெயில்ல நடந்தா வலிப்பு வரலாம். வேண்டுதல் காத்திருக்கும் ஐயா, இது காத்திருக்காது.

— என் ஒரே பிள்ளைம்மா. சிறுநீரகம் போயிடுமா?

— போகாது. தைரியமாச் சொல்றேன், பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் இது முழுசா குணமாயிடும். நீங்க நான் சொல்றபடி நடக்கணும். உப்பு கூடாது, தண்ணி அளந்துதான். இளநீர் வாசமே ஆகாது.

— அப்பா, உப்பில்லாமலா? நீங்க விரதத்துல சாப்பிடுவீங்களே, அந்த மாதிரியா?

— ஆமா கண்ணம்மா. அதுதான் இனி உன் விரதம். குடத்தை அப்பா சுமக்கிறேன். நீ படுத்தபடியே பாடு. கட்டில்லேருந்து பாடினா கேக்காதுன்னு எந்தச் சாமி சொல்லியிருக்கு? சேத்துக்குங்கம்மா.

— நன்றிங்க. இன்னும் ஒண்ணு. தொண்டை வலி வந்த மத்த பிள்ளைங்க எப்படி இருக்காங்க?

— எல்லாம் தெம்பாத்தான் இருக்காங்க. நேத்து சாயங்காலம்கூட நம்ம வைதேகியோட கன்னத்தைத் தட்டி, “பூசம் வருதுன்னு உன் முகமும் பூரிச்சிருச்சே”ன்னு சொல்லி, திருநீறு பூசி... டாக்டரம்மா, என் போன் எங்க?