கார்டில் செத்தவர்

மதிப்பிற்குரிய அக்கிராசனர் அவர்களே, ஜேடர்பாளையம் வாசகசாலையைக் கட்டிக்காக்கும் பெரியோர்களே, அடுப்பில் உலையை அடக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மகாஜனங்களே!

முதலில் ஒரு சரித்திரச் செய்தி. மேடைக்கும் முதல் பாய்க்கும் இடையே மூன்று முழமாக இருந்த தூரத்தை இவ்வாண்டு ஆறு முழமாக உயர்த்துவது என்று வாசகசாலைக் கமிட்டி இருமுறை கூடி, ஒருவர்கூட மறுக்காமல் தீர்மானித்திருக்கிறது. காரணம் எழுதப்படவில்லை. அக்கிராசனர் அவர்களும் என் பெயரைச் சொல்லாமல், "அடுத்து அவர் பேசுவார்" என்று சுருக்கமாக முடித்தார். கமிட்டியின் முன்யோசனையை வாழ்த்துகிறேன்.

நான் பேச வந்தது தபால் கார்டைப் பற்றி. அதைப் பார்க்காதவர் உங்களில் யார்? "இதைக் கண்டவர் மூன்று நாளில் பதினொரு பேருக்கு எழுதுக. அலட்சியம் செய்த இன்னார் ஏழாம் நாள் இரத்தம் கக்கி மாண்டார்." எழுதியவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. மாண்டவருக்கு மட்டும் இரண்டும் உண்டு!

அந்தக் கார்டுகளில் நாற்பது சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் கார்டில் மாண்டவர் காசி வியாபாரி. காசியில் ஒருவர் செத்தால் இங்கே யார் பயப்படுவார்கள்? எழுதிய ஒருவர் சென்னைப்பட்டணம் என்று மாற்றினார். அடுத்தவர் சேலம் என்றார். அப்படி அந்தச் சாவு கார்டு கார்டாக நடந்தது. மலை தாண்டி நடந்தது, ஆறு தாண்டி நடந்தது, அரவமில்லாமல் நடந்தது. மாசி மாதம் இளம்பிள்ளைக்கு வந்து ஒரு வாசலில் நின்றது. அது நெசவாளர் சென்றாயன் வீட்டு வாசல்; கார்டில் மாண்டவர் இப்போது அவர்.

சென்றாயன் அப்போது தறியில் உட்கார்ந்திருந்தார். மகள் மாரியாயியை வாழப்பாடியில் கொடுக்க நிச்சயமாகி, கல்யாணத்துக்கு இருபது நாள். கூறைச் சேலையை அவரே நெய்துகொண்டிருந்தார்.

முதலில் போனவர் அவர் மனைவியின் அண்ணன், இவ்வூர்க் கந்தன். கார்டைப் படித்ததும், விதவையான தங்கைக்கு உடன்பிறந்தவன் கொண்டுபோகும் கோடிச் சேலையோடு போய் இறங்கினார்.

"வாங்க மச்சான். கையில என்னுங்க?" என்றார் செத்தவர்.

கந்தன் அவருடைய பாதங்களையே பார்த்தார்.

"காலு தரையிலதானுங்க இருக்குது. நல்லாப் பாத்துக்குங்க."

பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கோடியைத் தறியோரம் வைத்தார். "வாரேன்" என்று சொல்லாமல் படியிறங்கினார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டா போவார்கள்?

யார் அங்கே, கந்தனா?

"ஏனுங்க, தப்புங்களா? வாரேன்னு சொன்னா மறுக்கா அதுக்கே வர வேண்டியதாப் போயிருமுங்களே!"

தப்பே இல்லை. முறையெல்லாம் சரி, ஆள்தான் சாகவில்லை.

வாழப்பாடியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: "கருமாதி முடியட்டும், அப்புறமாத் தேதி பாத்துக்கலாம்."

கூறைச் சேலை பாதியில் நின்றது. செய்தி கேட்டு இளம்பிள்ளைக்குப் போய், சென்றாயனை நான் அவ்வூர் மணியக்காரரிடம் அழைத்துப் போனேன். உயிரோடிருப்பதாக ஒரு சீட்டுக் கேட்டோம். அவர் சாவுக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். "இதுல உங்க பேரு இல்லீங்க. ஆனா உசுரோட இருக்கறவங்களுக்குன்னு புஸ்தகம் இல்லீங்களே. எதைப் பாத்து நான் சீட்டு எழுதறதுங்க?"

சென்றாயனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஆளைப் பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். தொட்டுப் பாருங்கள் என்றேன். அதற்கு யாரும் வரவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் மனைவி குஞ்சம்மாளே, "ஏனுங்க, நீங்க நெசமா இருக்கறீங்கதானே?" என்று கேட்டாராம். சென்றாயன் குனிந்து தம் பாதங்களைப் பார்த்துக்கொண்டாராம்.

மகாஜனங்களே! எழுதியவர் யார் என்று கேட்டோமா? கண்ணால் கண்டவர் யார் என்று கேட்டோமா? கண்டாரா, கண்டதாகக் கேட்டாரா என்றாவது கேட்டோமா? பக்கத்து ஊர் நாலு மைல், நடந்தோமா? நடக்கச் சோம்பல், நகலெடுக்கச் சுறுசுறுப்பு! பதினொரு கார்டு எழுதும் கை ஒரு கதவைத் தட்டக் கூசுவது ஏன்? பெயரில்லாத காகிதத்தை நம்பி, பேசிக்கொண்டு நிற்கும் மனிதனைச் செத்தவன் என்பது எந்த ஊர் நியாயம்?

கல்யாணம் என்ன ஆயிற்று என்கிறீர்களா, தாயே? சிறப்பாக நடந்தது. சென்றாயன் பதினொரு கார்டு எழுதினார். கடைசி வரியில் தம் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயர் போட்டார். மூன்றாம் நாளே சம்பந்தி வீட்டார் வந்து அவர் வீட்டில் கை நனைத்தார்கள். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. பெண்ணைப் பெற்றவர்; நாலு ஊருக்குத் தெரிந்த பெயர் ஒன்று அவசரமாக வேண்டியிருந்தது.

அந்தக் கார்டு போன வாரம் உங்கள் ஊருக்கும் வந்திருக்கிறது. எனக்கும் ஒன்று வந்தது. இதோ: "அலட்சியம் செய்த கைலாசம் ஏழாம் நாள் இரத்தம் கக்கி மாண்டார்." எழுத்து சென்றாயனின் நெசவைப் போலவே ஒழுங்கு.

கார்டு வந்து இன்று எட்டாம் நாள். அந்தக் கைலாசமாகிய நான்தான் இவ்வளவு நேரம் பேசினேன். ஆறு முழம்தான், யாராவது எழுந்து வந்து என் கையைத் தொட்டுப் பாருங்கள்.

காத்திருக்கிறேன்.

சரி. இடம் தந்த வாசகசாலைக்கும், அசையாமல் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். இருட்டுமுன் வீடு போய்ச் சேருங்கள்.

இதுவரை பதினான்கு பேர் எழுந்து போயிருக்கிறார்கள். ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.