கையுறை நூலைக் கொளுத்திப் பார்த்தது தொடர்பாக

என்னைக் கத்திரி என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். வயது நாற்பத்தாறு. தொழில் தையல். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் முன்னறையில் கடையும் பின்னறையில் குடித்தனமுமாக இருக்கிறேன். என் மனைவி பால் ஆலைகளுக்குக் குழாய் செய்து கொடுக்கும் பட்டறையில் டிக் வெல்டராக வேலை செய்கிறார். பாதுகாப்புச் சாமான் கடைக்காரர் கொடுத்த புகாரில், நான் அவர் கடையில் வேண்டுமென்றே தீ வைத்துவிட்டு ஓடிவிட்டதாகச் சொல்லியிருப்பதைப் படித்துக் காட்டினார்கள். தீ என்னால் பிடித்தது உண்மை, ஓடியதும் உண்மை, வேண்டுமென்றே என்பது மட்டும் பொய்.

டிக் வெல்டிங்கில் வலது கையில் மின்பொறியால் உலோகத்தை உருக்கும் டார்ச்சும் இடது கையில் மெல்லிய கம்பியும் இருக்கும். கம்பியை விரல்களுக்கு நடுவே உருட்டி, உருகும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். சென்ற மாதம் என் மனைவியின் பழைய கையுறையின் உள்துணி உருகி, இடது ஆள்காட்டி விரலில் ஒட்டிக்கொண்டு புண்ணாகிவிட்டது. புண் ஆறிய பிறகும் விரல் நுனி மரத்தே இருந்தது. இன்னொரு முறை அதே இடத்தில் சுட்டால் உணர்ச்சி திரும்பாது என்று மருத்துவர் சொன்னார். உணர்ச்சி போனால் அவருக்கு வேலையும் போய்விடும். பட்டறையில் புதுக் கையுறை தருகிறோம், தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், நானே வாங்கிவிடலாம் என்று நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேற்படி கடைக்குப் போனேன்.

கடைக்காரர் முதலில் தடித்த தோல் கையுறையை எடுத்துப் போட்டு, "இதை மாட்டிக்கிட்டு அடுப்புக்குள்ளயே கைய விடலாம்" என்றார். நான் மாட்டிக்கொண்டு மேசைமேல் கிடந்த குண்டூசியை எடுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "கையில தலகாணி கட்டுன மாதிரி இருக்கு, கம்பி உருளுறது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அதன் பிறகு அவர் ஒரு பெட்டியைப் பிரித்து மெல்லிய வெள்ளாட்டுத் தோல் கையுறையைக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு குண்டூசியை எடுத்தேன், திருப்பினேன், தலை எது முனை எது என்றுகூடத் தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

தோலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எதைக் கையில் கொடுத்தாலும் தையலைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. நூலில் ஒரு மினுமினுப்பு இருந்தது. எங்கள் தொழிலில் சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்போம். பருத்தி என்றால் சாம்பலாகும், பாலியஸ்டர் என்றால் உருகி மணியாகத் திரளும். விசாரணை அதிகாரி நம்பாததால் அவருடைய சட்டைப் பொத்தானில் தொங்கிய நூலைக் கொளுத்திக் காட்டினேன். சுத்தப் பருத்தி என்று அவர் நம்பியிருந்த சட்டை அது.

வெளியே போய்க் கொளுத்தியிருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் அங்கேயே லைட்டரை எடுத்துவிட்டேன். கடைக்காரர், "காசு குடுக்காமலே கொளுத்துறீங்களே, நல்லா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே இழை உருகி, எரியும் மணியாகப் பெட்டிக்குள் இருந்த நுரைத் துண்டுகளில் விழுந்தது. குப்பென்று பிடித்துக்கொண்டது. அவர் அதே கையுறையை மாட்டிக்கொண்டு தீயை அடித்து அணைத்தார். சுவர் முழுக்கத் தீயணைப்பான் தொங்குகிற கடை அது, இருவருக்கும் அதில் ஒன்றை எடுக்கத் தோன்றவில்லை.

தீ அணைந்ததும் நான் அவர் கையைப் பார்த்தேன். தோல் கருகவே இல்லை. ஆனால் இரண்டு விரல்களுக்கு நடுவே தையல் உருகி வாய் பிளந்து, உள்ளே சதை சிவந்திருந்தது. இதே சரக்கை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டேன். "காலையிலதான் குழாய்ப் பட்டறைக்காரங்க ஒரு கட்டு வாங்கிட்டுப் போனாங்க. ஏன், அதையும் போய்க் கொளுத்தணுமா?" என்றார். அதற்குப் பதில் சொல்ல நான் நிற்கவில்லை. நான் ஓடியதற்குக் காரணம் அதுதான்.

வேலை நேரத்தில் என் மனைவியின் போன் அலமாரியில் இருக்கும். அதனால் ஓடியே பட்டறைக்குப் போய், வாசலில் மேற்பார்வையாளர் தடுத்ததையும் கேட்காமல் உள்ளே நுழைந்தேன். வெல்டிங் வெளிச்சத்தை மறைக்கும் சிவப்புத் திரைக்கு அப்பால் நீல வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. என் மனைவியின் இடது கையில் புதுக் கையுறை இருந்தது. ஆர்க் என்ற அந்த மின்பொறி எரியும்போது வெல்டரைத் தொடக் கூடாது, கத்தவும் கூடாது, திடுக்கிட்டால் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது என்பதை அவரே எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். ஆகவே வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். பிறகு வெளிச்சம் அணைந்தது. அணைந்த பின்னும் பற்றவைத்த இடம் கறுக்காமல் இருக்க டார்ச்சிலிருந்து வாயு பாயும், அது நிற்கும்வரை டார்ச்சை எடுக்க மாட்டார். அந்த நேரத்தில்தான் எனக்கு உயிரே இல்லை.

முகமூடியைத் தூக்கியதும் நான் கையுறையைப் பிடுங்கினேன். ஆள்காட்டி விரல் தையல் விட்டிருந்தது. விரல் நுனி சிவந்து, அதில் உருகிய நூல் ஒட்டியிருந்தது. "சுட்டதே தெரியலயேங்க" என்றார். என் சட்டைக் காலரில் எப்போதும் ஊசி குத்தியிருக்கும். அதை எடுத்து முனையால் விரலைத் தொட்டு, தெரியுதா என்று கேட்டேன். அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டி இல்லை என்றார். கொஞ்சம் அழுத்தினேன். இல்லை என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன்.

"ஐயோ, குத்துது பாவி மனுஷா!" என்று கத்திக் கையை இழுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னை மரியாதை இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. பட்டறை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். போலீசார் வந்தபோது அந்த நிலையில்தான் இருந்தேன்.

மேலே எழுதியிருப்பதை எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
தையல்காரர்