பத்து விரல் பேரம்

நீலக்கவசன் முதல் இதழின் விலை அறுபது காசு, ஐயா. சைதாப்பேட்டைக்காரர் ஒருவர் அதற்கு நூறு ரூபாய் தருகிறேன் என்று இரண்டு முறை வந்தார். டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். நான் பேரம் பேசாமல் ஒரு மனிதரை அனுப்பினேன் என்று செங்கல்பட்டு பஜாரில் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

எனக்கு ஃபேன்சி ஸ்டோர். என் அத்தா ஆட்டுத் தரகர். சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கைகளுக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு, அடியில் விரல்களைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலை மடக்கினால் விலை ஒரு படி இறங்கிற்று என்று அர்த்தம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே இன்னொன்றும் கற்றேன். எந்த ஆடு வேண்டுமோ அதைத்தான் திட்ட வேண்டும். காது கோணல், கால் நொண்டி, பல் போய்விட்டது என்று அடுக்க வேண்டும். குறை சொல்லாமல் நகர்கிறவன் வாங்க வந்தவன் இல்லை.

எழுபதாம் வருஷம் நீலக்கவசன் காமிக்ஸ் வர ஆரம்பித்தது. கதாநாயகன் பகலில் கப்பலில் மூட்டை தூக்கும் கூலி, ஆபத்து என்றால் நீலக் கவசம். வீட்டில் கண் தெரியாத அம்மா. என் மனைவி ஷஹர்பானுவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் நோயில் படுக்கையில் விழுந்த பிறகு மாதாமாதம் நான்தான் படித்துக் காட்டுவேன். அவளுக்குச் சண்டையெல்லாம் வேண்டாம்.

"அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியுமாங்க?" என்பாள்.

"அடுத்த மாசம் தெரியும்."

"போன மாசமும் இதத்தான சொன்னீங்க. கடைல கடன் கேக்கறவன்கிட்ட பேசற மாரியே பேசுங்க."

அறுபத்திரண்டாம் இதழோடு அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகும் நான் சத்தமாகத்தான் படித்தேன்.

ஒவ்வொரு இதழுக்கும் ஆசிரியர் சம்பத்துக்கு ஒரு கடிதம் போடுவேன். பிடித்த சரக்கு என்பதால் வஞ்சகமில்லாமல் திட்டுவேன். கவசத்தின் நீலம் சலவைக்குப் போட்ட லுங்கி மாதிரி இருக்கிறது. அந்த அம்மா அழுது அழுது தாளே ஈரமாகிவிட்டது. கதை பழசு, எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள் என்பேன். வாசகர் கடிதம் பகுதியில் அதைப் போட்டு, 'செங்கல்பட்டு சௌகத் பாய்க்கு நம் மீது இன்னும் கோபம் தீரவில்லை' என்று கீழே எழுதுவார். விற்கிறவரும் விளையாட்டுத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

போன டிசம்பரில் எண்பதாம் இதழுக்குப் பதிலாக, 'புத்தம் புதிய முதல் இதழ்' வந்தது. கடையில் கட்டைப் பிரித்தபோது ரயில்வே பார்சல் ஆபீஸ் ராமதாஸும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வரலட்சுமியும் இருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் முதல் இதழிலிருந்து படிக்கிறவர்கள்.

"இன்னா பாய் இது, நம்மாளு செவப்புச் சட்ட போட்டுகினு வந்துகீறான்? கட்சி மாறிட்டானா?" என்றார் ராமதாஸ்.

வரலட்சுமி கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். "அம்மாவக் காணோம் பாய். இதுவரைக்கும் வந்ததெல்லாம் அவன் கண்ட கனவாம். அப்ப ஆறு வருசமா படிச்ச நாம இன்னா, தூக்கத்துல நடந்துகினு இருந்தோமா?"

ராமதாஸ் இதழைக் கல்லாமேல் வீசிவிட்டுப் போனார். வரலட்சுமி காசைத் திருப்பிக் கேட்டாள், கொடுத்தேன். அவர்களுக்கு ஒரு கதை போயிற்று. எனக்கு ஷஹர்பானு இருந்த அறையே கனவு என்று ஒருவர் அச்சடித்து அனுப்பியிருந்தார்.

நான் கோபப்படவில்லை. சம்பத்துக்கு ஒரு கார்டு போட்டேன். சதுரங்கப்பட்டினம் கோட்டையை வைத்து அருமையான கதை பண்ணலாம், வாருங்கள், படகில் சுற்றிக் காட்டுகிறேன் என்று. உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று அதில் ஒரு வரி இருப்பதைக் காட்டி, இன்ஸ்பெக்டர் ஐயா, ஏன் என்று கேட்டீர்கள். தண்ணீருக்கு வருகிறவரை அக்கறையாக விசாரிப்பது பஜார் மரியாதை, ஐயா. பழைய நீலக்கவசனைத் திரும்பக் கேட்டுப் பேரம் பேசத்தான் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு ஃபைல். என்னைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டார். சதுரங்கப்பட்டினத்தில் மோசஸ் என்பவரின் தோணியை வாடகைக்கு எடுத்தேன். அத்தாவோடு கால்வாயில் தோல் ஏற்றிப் போன பழக்கம், கோல் போட எனக்குத் தெரியும். மழைக்குப் பிறகு கழிமுகத்தில் ஆழமும் இழுப்பும் அதிகம்.

நடுவில் போனதும் அவர் ஃபைலைத் திறந்தார். உள்ளே என் கடிதங்கள், எழுபத்தொன்பதும். வரிக்கு வரி சிவப்பு மையில் கோடு.

"மத்தவன்லாம் சூப்பர்னு எழுதி அனுப்பிட்டுப் பூடுவான் பாய். நீங்க ஒருத்தர்தான் உண்மைய எழுதுனீங்க. நீலம் வாணான்னீங்க, மாத்திட்டேன். அம்மா வாணான்னீங்க, எடுத்துட்டேன். எல்லாத்தையும் கலைச்சிட்டுப் புச்சா ஆரம்பின்னீங்க. மொதலாளிகிட்ட சண்ட போட்டு செஞ்சேன். இப்பவாவது திருப்தியா?"

ஆறு வருஷம் நான் ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் அதை அறுத்துக் கறியாகக் கொண்டுவந்து நீட்டுகிறார்.

கோட்டைச் சுவர் இங்கிருந்து நன்றாகத் தெரியும், எழுந்து பாருங்கள் என்றேன். எழுந்தார். நான் அவர் நின்ற பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன், தோணி சாய்ந்தது. அவ்வளவுதான். தண்ணீரிலிருந்து மேலே வந்து தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பத்து விரல்.

தோளிலிருந்த துண்டை எடுத்து அந்த விரல்கள்மேல் போட்டேன். ஏன் என்று கேட்டீர்கள். பழக்கம். துண்டுக்கு அடியில் கையை விட்டு முதல் விரலைப் பிரித்தேன்.

"பாய், பழசையே போட்டுர்றேன் பாய். எம்பதாம் நம்பர்னே போட்டுர்றேன்."

ஐந்து விரல் போன பிறகு நல்ல விலைக்குத்தான் வந்தார். ஆனால் நெருக்கடியில் வருகிற விலையை நம்பக்கூடாது.

"அம்மாவுக்குக் கண்ணு தெரிய வெச்சிர்றேன் பாய்."

அதற்கு மட்டும் கொஞ்சம் நிறுத்தினேன். அப்போது மூன்று விரல் இருந்தது. கேட்க வேண்டியவள் இல்லாத வீட்டில் அதை யாருக்குப் படித்துக் காட்டுவது என்று யோசித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

துண்டைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டு கரைக்கு வந்தேன். தோணிக்குப் பேசிய வாடகை எட்டு ரூபாய். மோசஸிடம் ஆறுக்கு முடித்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வந்த இதழ் எழுபத்தொன்பது. நான் எழுதிய கடிதம் எழுபத்தொன்பது. அதில் நான் மனதார எழுதியது ஒரு வரிகூட இல்லை, அவர் நம்பாததும் ஒரு வரிகூட இல்லை. அவர் எனக்குத் தனியாக எழுதியது ஒரே ஒரு கார்டு, இரண்டே வரி. 'ஞாயிறு காலை வந்துவிடுகிறேன் பாய். நீச்சல் தெரியாது.'

அதை நான் நம்பினேன்.