இடப்பக்கக் கைப்பிடி, இலக்கம் 43

“ஹோம் ஒபிஸ் அகதி இன்டர்வியூவில, வாழ்க்கையில துவக்கைத் தொட்டதே இல்லையெண்டு சொன்ன மனுசன் நீங்கள். இப்ப ஷோகேசுக்குள்ள வைச்சுத் துடைக்கிறியள்.”

“அது செத்த துவக்கு, பிள்ளை. சுடேலாதபடி உள்ளுக்கு ஒட்டி அடைச்சுப்போட்டுத்தான் விக்கிறவங்கள். சேர்ட்டிபிக்கட்டும் இருக்கு.”

“செத்ததெண்டால் எடுத்துப்போடுங்கோ. அதுவரைக்கும் என்ர பிள்ளையளை இஞ்ச கூட்டிக்கொண்டு வரமாட்டன்.”

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் அம்பலவாணன் அண்ணையின் வீட்டு வாசலில் நின்றுதான் இதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. சப்பாத்து நாடா இறுகிப்போயிருந்தது. வெளியே வந்த மகள் ஜதுர்ஷிகா, “அங்கிள், நீங்களாவது சொல்லுங்கோ” என்றாள். சொல்கிறேன் என்றேன்.

நம் சேகரிப்பாளர் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு விளக்கம். அண்ணையிடமும் என்னிடமும் இருந்தவை ஜெர்மன் இராணுவத்தின் பழைய பிஸ்டல்கள். மேலே 1917 என்று அடித்திருக்கும். போர் முடிந்து பட்டறையில் திருத்தியபோது அதற்கு மேல் 1920 என்றும் அடித்தார்கள். கழற்றிக் குவித்துவிட்டுக் கையில் அகப்பட்டதைப் பூட்டினார்கள்போல, ஒன்றின் கைப்பிடி இன்னொன்றுக்குப் போய்விட்டது. மரக் கைப்பிடியின் உட்புறத்தில் தொடரிலக்கத்தின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். என் பிஸ்டல் 43இல் முடிகிறது. ஆனால் அதில் இரண்டு பக்கமும் இருந்தது, பிறகு யாரோ மாட்டிய கறுத்த பிளாஸ்டிக். பட்டு வேட்டிக்கு ரீசேர்ட் போட்டது மாதிரி.

அன்று நான் வழக்கம்போல என்னுடையதைச் சேலைக்கடைப் பையில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அண்ணை சோர்ந்துபோய் இருந்தார்.

“திங்கக்கிழமை பொலிசில குடுக்கப்போறன், தம்பி. அவங்கள் உருக்கிப்போடுவாங்கள். என்ன செய்யிறது, பேரப்பிள்ளையளைப் பாராமல் இருக்கேலாது.”

கடைசியாக ஒருமுறை துடைத்துத் தருகிறேன் என்றேன். துணி விரிக்க மேசையில் இடம் வேண்டும். தேநீர்க் கோப்பையையும், நெஞ்சு நோவுக்கு அவர் நாக்கின் கீழ் அடிக்கும் ஸ்பிரேயையும் எடுத்து ஷோகேசின் மேல் வைத்தேன். உள்நோக்கம் எதுவும் இல்லை. எனக்கு ஒழுங்கு பிடிக்கும்.

இடப்பக்கத்து ஸ்குரூவைக் கழற்றிக் கைப்பிடியைத் திருப்பினேன். 43.

நூறு வருடம் பிரிந்திருந்தவை. அகதியாக வந்த நமக்கு அது புரியாவிட்டால் யாருக்குப் புரியும்? குடும்பத்தைச் சேர்த்துவைக்க ஹோம் ஒபிஸ்கூட விடுகிறது. இதை எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. குடுத்தால் முழுசாத்தான் குடுப்பன். பிச்செடுத்துப்போட்டு பொலிசுக்கு என்ன சொல்லுறது? ஹோம் ஒபிசுக்குச் சொன்ன பொய் ஒண்டே காணும். நீர் பூட்டும்.”

கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். நான் பூட்டினேன், என் பிளாஸ்டிக்கை. அப்போதுதான் நெஞ்சைப் பிடித்தார்.

“தம்பி, அந்த ஸ்பிரேயை எடுத்துத் தாரும்.”

“ஒரு நிமிசம் அண்ணை.”

ஸ்குரூ பாதிதான் ஏறியிருந்தது. அவசரப்பட்டால் தலை சிதைந்துவிடும். இது தெரியாதவர் நம் குழுவில் இருக்க மாட்டார்.

ஆம்புலன்ஸுக்கு அடித்தது நான்தான். அண்ணையின் எட்டாம் நாள் செலவுக்கு மரக்கறி வெட்டிக் கொடுத்ததும் நான்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் என் இரங்கலை வாசித்துவிட்டு ஜதுர்ஷிகா அழுதாள்.

“கடைசி நேரத்தில நீங்கள் பக்கத்தில இருந்தது அப்பான்ர புண்ணியம், அங்கிள்.”

பிஸ்டலை அவளே பொலிசில் கொடுத்தாள். ஒரு பக்கம் மரம், மறுபக்கம் பிளாஸ்டிக். அவளும் கவனிக்கவில்லை, பொலிசும் கவனிக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு பொருளைப் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி தர்சிகன் இங்கே கேட்டிருந்தார்: “கடைசி இரண்டு இலக்கம் ஆயிரம் பிஸ்டலுக்குப் பொருந்துமே, அண்ணை. இது எங்க எடுத்தது?” பொருந்தும்தான். அப்படிப் பார்த்தால் உலகத்தில் எதையும் சேர்த்துவைக்க ஏலாது. இரண்டாவது கேள்வி நியாயமானது. ஒரு பொருள் கைமாறிய விதத்தை மறைப்பவன் சேகரிப்பாளனே இல்லை. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

அதே நேர்மையோடு ஒரு திருத்தம். அண்ணை இரண்டாம் முறை கேட்டபோது ஸ்குரூ நன்றாக இறுகிவிட்டது. ஸ்பிரே எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் கேட்பது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்திருந்தால் எழும்பிப் பிளாஸ்டிக்கைப் பார்த்திருப்பார். இருதய வருத்தக்காரர், தாங்கியிருக்க மாட்டார்.

என்னுடையதில் வலப்பக்கம் இன்னும் பிளாஸ்டிக்தான். உள்ளே 43 என்று அடித்த வலப்பக்க மரக் கைப்பிடி உங்களில் யாரிடமாவது இருக்கிறதா? கழற்றிப் பார்த்துக் கீழே எழுதுங்கள். ஹவுன்ஸ்லோ, சவுத்தால் பக்கமென்றாலும் நானே வருவேன். வீட்டில் உங்களோடு யாரும் இருக்கிறார்களா, நோய் வருத்தம் ஏதும் உண்டா என்பதையும் சேர்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.