முப்பத்தேழு சீட்டுகளின் இடமாற்றம்

அன்று காலை பத்து மணிக்கு நூலகத்தின் வாசிப்பறையில் எட்டுப் பேர் இருந்தோம். நூலகர் அம்மா, நூலகக் குழுத் தலைவரான பல் டாக்டர், குழாய் வேலைக்காரர், தையல் கடை வைத்திருக்கும் பெண்மணி, பேய்க் கதை தவிர வேறு எதையும் தொடாததால் எல்லோரும் பேயக்கா என்று கூப்பிடுபவர், என் தம்பி, நான் அழைக்காமலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்த என் மனைவி, பிறகு நான். இதை முதலிலேயே எழுதக் காரணம் உண்டு. அன்றைக்கு அந்த அறையில் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் இப்போது ஊரில் நாற்பது பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். அங்கே நாற்காலிகளே பன்னிரண்டுதான்.

நடந்ததை எழுதித் தரும்படி குழு கேட்டிருக்கிறது. நான் முப்பத்தோரு ஆண்டு பதிவறைக் கண்காணிப்பாளராக இருந்தவன். எழுதிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் மீது எனக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு.

எங்கள் நூலகத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. புத்தகத்தைத் திருப்பித் தரும் வாசகர் ஒரு சீட்டில் தன் கருத்தை எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த புத்தகம் கிடையாது. நூலகர் அம்மா சீட்டில் முத்திரை குத்தி, புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் உறைக்குள் வைப்பார். வருடத்துக்கு ஒருநாள் எல்லாச் சீட்டுகளையும் எடுத்து உரக்கப் படிப்பார்கள். நல்ல கருத்து வாங்கிய புத்தகம் வாசலருகே உள்ள கண்ணாடி அலமாரிக்குப் போகும். யாரும் சீண்டாத புத்தகம் கதவோரக் கூடைக்குப் போகும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். போன வருடம் ஒரு கவிதைத் தொகுப்பு கூடைக்குப் போனது. எடுத்துப் போனவர் அதை ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்திருக்கிறார். மேசை இப்போது ஆடுவதில்லை என்று அவரே எழுதிக் கொடுத்தார். நூலகர் அம்மா அதற்கும் முத்திரை குத்தினார்.

என் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். எனக்குப் பதினொரு வயது இளையவன். அப்பா போன பிறகு அவனை நான்தான் வளர்த்தேன் என்பதை நான் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை, தேவைப்படும்போது நினைவூட்டியிருக்கிறேன். அவன் ஆறு வருடமாகக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினான். ‘உறை போட்ட நாற்காலி’ என்று பெயர். அதைக் குடும்பத்தில் யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டியவன் நான். எனக்குத் தெரியாது. அவன் லென்ஸ் தேய்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிப்பாளர் அவனிடம் ஒன்று சொல்லியிருந்தார். முதல் நாவலுக்கு ஊர் நூலகத்திலிருந்து முப்பது வாசகர் கருத்துகள் கொண்டு வந்தால் இரண்டாவதைப் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. ஆகவே தம்பிக்கு அந்தச் சீட்டுகள் உயிர். இதை நான் அறிவேன். அறியாமல் செய்தேன் என்று நான் எங்கும் சொல்லப்போவதில்லை.

நான் நாவல் படிக்கிறவன் அல்ல. நூலகத்துக்குச் செய்தித்தாள் பார்க்கப் போகிறவன். ஒருநாள் தம்பியின் புத்தகம் அலமாரியில் நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். சாய்ந்திருந்தது. எடுத்து நிமிர்த்தும்போது சீட்டுகள் கண்ணில் பட்டன. அவற்றை மட்டும் படித்தேன்.

முதல் சீட்டு: ‘வீட்டில் எல்லோரும் கையைக் கட்டி நிற்க, பெரியண்ணன் தன் நாற்காலியின் உறையைக் கழற்றி, உதறி, மடித்து, எண்ணிப் பார்க்கும் இடம் அபாரம். உறை ஒன்றுதான். ஆனாலும் எண்ணுகிறார்.’

இரண்டாவது: ‘தொலைபேசியை எடுத்தால் பெரியண்ணன் “யார்” என்று கேட்பதில்லை, “எதற்காக” என்று கேட்கிறார். பேருந்தில் சத்தமாகச் சிரித்து இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டேன்.’

மூன்றாவது குழாய் வேலைக்காரர் எழுதியது: ‘நான் படித்த முதல் கதைப் புத்தகம். இதே போல ஒருவர் வீட்டில் வேலை பார்த்திருக்கிறேன். என் ஸ்பேனரை என்னிடமே திருப்பித் தர என்னிடம் கையெழுத்து வாங்கினார்.’ அவர் எங்கள் வீட்டிலும் வேலை பார்த்திருக்கிறார். பல வீடுகளில் பார்த்திருப்பார்.

நான்காவதில் பெயர் இல்லை. ‘இந்த மனிதரோடு நாற்பது வருடம் குடும்பம் நடத்திய அந்த அண்ணிக்குத் தனியாக ஒரு நாவல் எழுத வேண்டும். விவரம் வேண்டுமானால் தருகிறேன்.’ கையெழுத்து எங்கோ பார்த்ததாக இருந்தது. எங்கள் வீட்டு மளிகைப் பட்டியலிலும் அதே சாயல் உண்டு. எத்தனையோ பேருக்கு ஒரே மாதிரிக் கையெழுத்து அமைந்துவிடுகிறது.

எங்கள் குடும்பத்தில் யாரைப் பார்த்தும் ஊர் சிரித்ததில்லை. என் தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்தபோதுகூட, உள்ளே போன இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்கினார்கள். அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து ஒரு புத்தகம் வந்து, அதைப் படித்துவிட்டுக் கண்டவர்களும் பேருந்தில் சிரிக்கிறார்கள் என்றால், பொறுப்புள்ள மூத்தவன் என்ன செய்வான்? என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

சீட்டுகளைக் கிழிக்கலாம் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. முத்திரை பதிந்த தாளைக் கிழிப்பவன் மனிதன் அல்ல. நான் செய்தது இடமாற்றம்.

நூலகர் அம்மாவுக்குச் சீட்டுகளை அடுக்கித் தர ஆள் இல்லை. நானே முன்வந்தேன். அவர் கண் கலங்கி நன்றி சொன்னார். நான்கு மாதம், செவ்வாயும் வெள்ளியும், சன்னலோர மேசையில், எல்லோரும் பார்க்கத்தான் வேலை செய்தேன். தம்பியின் நாவலில் இருந்த சீட்டுகளை எடுத்து வேறு புத்தகங்களில் வைத்தேன். நாவலின் உறை காலியாக இருந்தால் சந்தேகம் வரும். ஆகவே மற்ற புத்தகங்களின் சீட்டுகளை அதில் வைத்தேன். தம்பியின் புத்தகமாயிற்றே, மரியாதையான சீட்டுகளாகப் பார்த்துத்தான் பொறுக்கினேன். அந்த நுணுக்கமான வேலைக்கு நான் போட்டிருந்த கண்ணாடி தம்பி கடையில் அன்பளிப்பாகச் செய்து கொடுத்தது. மிகவும் தெளிவான கண்ணாடி. அவன் தொழிலில் கெட்டிக்காரன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டுக்கு வருவான்.

“அண்ணா, நூலகத்துல என் புத்தகத்தப் பத்தி யாராவது ஏதாவது…”

“ஒண்ணும் காதுல விழலப்பா.”

“சீட்டு எதாவது?”

“இருக்கு. நாய் வளர்க்கிறவர் ஒருத்தர் நன்றி சொல்லியிருக்கார்.”

அவன் அதை வெகுநேரம் யோசித்தான். மெலிந்துபோனான். ஒருநாள் இரண்டாவது நாவலின் நோட்டுகளைத் துணிப்பையில் கொண்டுவந்து வைத்து, “என்கிட்ட இருந்தா கிழிச்சுப் போட்டுடுவேன், நீங்களே வச்சிருங்க” என்றான். வாங்கி, எண் போட்டு, நாடா கட்டி, என் அலமாரியில் வைத்தேன். பத்திரமாக வைப்பது எனக்குக் கைவந்த வேலை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

நூலகர் அம்மா முதலில் தம்பியின் நாவலை எடுத்தார். உறையிலிருந்து சீட்டை உருவிப் படித்தார்.

“‘மூன்றே நாளில் வயிறு லேசானது. இத்தனை வருட அவதி தீர்ந்தது. எல்லா வீட்டிலும் இருக்க வேண்டிய புத்தகம்.’”

பல் டாக்டர்தான் பேசினார். “நல்ல கருத்துதானே. மேல படிங்கம்மா.”

“‘என் நாய் இப்போது உட்கார் என்றால் உட்காருகிறது.’”

“நாவல்ல நாய் வருதா?” என்று பேயக்கா தம்பியிடம் கேட்டார்.

“இல்லக்கா.”

“‘எலித் தொல்லை அடியோடு ஒழிந்தது. ஆசிரியருக்கு எங்கள் தெருவின் சார்பில் நன்றி.’”

“எலியும் வராதே. நான் படிச்சேனே,” என்றார் குழாய் வேலைக்காரர்.

“வராம பண்ணிட்டார்ல, அதுக்குத்தான் நன்றி,” என்றார் டாக்டர். அவருக்குப் பத்தரை மணிக்கு ஒருவர் பல் பிடுங்கக் காத்திருந்தார். “சரி, இது புரியல. கூடைக்குப் போகட்டும். அடுத்தது.”

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கூடைக்குப் போனால் நானே எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். வீட்டை விட்டு வெளியே போன பேச்சு வீட்டுக்கே திரும்பிவிடும்.

அடுத்தது, வீட்டுக் குழாய்களைப் பழுதுபார்ப்பது பற்றிய கையேடு.

“‘பெரியண்ணன் கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே வணக்கம் சொல்லிப் பழகும் இடத்தில் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.’”

குழாய் வேலைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். “அம்மா, அந்தப் புத்தகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதுல வாஷர் இருக்கு, வால்வு இருக்கு. அண்ணன் கிடையாது.”

“இருங்க, பேய்க் கதையப் பாக்கலாம்,” என்று நூலகர் அம்மா இன்னொரு புத்தகத்தை எடுத்தார். “‘கடைசியில் பெரியண்ணன் மன்னிப்புக் கேட்க வருவது போல வாசல் வரை வந்து, செருப்புகளை நேராக வைத்துவிட்டு மட்டும் போகிறாரே, மனம் கலங்கிவிட்டது.’”

“அது என் புத்தகம்,” என்றார் பேயக்கா. “அதுல யாரும் யாருக்கும் செருப்ப அடுக்கல. பேய்க்குக் காலே கிடையாது.”

நூலகர் அம்மா சீட்டைத் திருப்பினார். கண்ணைச் சுருக்கினார். “பின்னாடி பென்சில்ல என்னமோ இருக்கு. ‘இடமாற்றம். எண் 214-லிருந்து எண் 88-க்கு.’ தேதி போட்டு, சின்னதா ஒரு ஒப்பம்.”

ஒரு தாளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றினால் அதன் பின்புறம் குறிப்பெழுதி ஒப்பமிட வேண்டும். முப்பத்தோரு ஆண்டு அப்படித்தான் செய்தேன். குறிப்பில்லாமல் மாற்றினால் அது திருட்டு.

“யாரு ஒப்பம் இது?” என்று டாக்டர் கேட்டார்.

கடைசி வரிசையிலிருந்து என் மனைவி, “என்னங்க, அவங்களாக் கண்டுபிடிக்கிற வரைக்கும் இருக்காதீங்க. எந்திரிங்க,” என்றாள்.

எழுந்தேன். என்னுடையதுதான் என்றேன். முப்பத்தேழு சீட்டுகள், வந்தவை முப்பத்தேழு, போனவை முப்பத்தேழு, ஒன்றும் தொலையவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கு யாரும் பாராட்டவில்லை.

தம்பி என்னிடம் வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்து நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“அண்ணா, என் புத்தகத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்களே… நீங்க புத்தகத்தப் படிச்சீங்களா?”

“எழுபத்தாறு பிழை இருக்கு.”

“எத்தன தடவ படிச்சீங்க?”

“பிழைய உறுதிப்படுத்த மூணு தடவ படிச்சுத்தான் ஆகணும்.”

அவன் முகம் ஏன் அப்படி மலர்ந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சீட்டுகளை மட்டும் படித்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது முதல் நாள் நிலவரம்.

என் குறிப்புகளின் உதவியால் சீட்டுகள் எல்லாம் இருபது நிமிடத்தில் உரிய புத்தகங்களுக்குத் திரும்பின. டாக்டர் பல் பிடுங்கப் போகவில்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டார். குழாய் வேலைக்காரர் தன் சீட்டைத் தானே நடித்துக் காட்டினார். நாவல் கண்ணாடி அலமாரிக்குப் போனது.

குழு என்னைக் கேட்டது இவ்வளவுதான். ஆனால் வாக்குமூலம் என்று ஒன்றை எழுதினால் அது முழுமையாக இருக்க வேண்டும். ஆகவே இதையும் எழுதுகிறேன். தம்பிக்கு இது இன்னும் தெரியாது.

இரண்டாவது நாவலின் நோட்டுகள் என்னிடம் இருந்தன அல்லவா. அதில் மூன்றாம் அத்தியாயத்தில் பெரியண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தேடி ஏணியில் ஏறி, விழுந்து இறந்துவிடுகிறார். கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருக்கிறது. நான்காம் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை, நூற்றெண்பது பக்கங்கள், வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

இதில் தர்க்கப் பிழை இருப்பது யாருக்கும் தெரியும். சரிசெய்தேன். பெரியண்ணன் விழுகிறார், எழுந்துவிடுகிறார். அந்த நூற்றெண்பது பக்கங்களில் வீட்டார் ஒவ்வொருவராக வந்து அவரிடம் யோசனை கேட்கிறார்கள், அதனால்தான் சௌக்கியமாக இருக்கிறார்கள். கடைசியில் அவருடைய அறிவுரைகளை ஒன்று முதல் அறுபத்து நான்கு வரை எண்ணிட்டுச் சேர்த்திருக்கிறேன். சிவப்பு மை கண்ணை உறுத்தும் என்பதால் முழுவதையும் புதிதாகத் தட்டச்சு செய்தேன். தம்பிக்கு அலைச்சல் வேண்டாம் என்று, முப்பத்தேழு சீட்டுகளின் நகல்களோடு திங்கட்கிழமை நானே பதிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதன்கிழமை அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் தம்பியின் பெயர்தான் இருக்கும். என் பெயர் வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். செய்த உதவியை விளம்பரப்படுத்துவது எங்கள் குடும்ப வழக்கம் அல்ல.

இறுதியாக ஒரு திருத்தம். அந்த நாவலில் வரும் பெரியண்ணன் நான்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. நாவலில் வருபவர் தன் குடையின் கைப்பிடியில் தன் பெயரை எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். என் குடையில் பெயரோடு முழு முகவரியும் இருக்கிறது.