சாமியாகிவிட்ட துவைகல்

நுவரெலியா சந்தைக்குப் போகிற பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு கைடு இரண்டு வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு நேர் முன்னால், இறம்பொடையில் ஏறிய இரண்டு பெண்கள், காலடியில் லீக்ஸ் மூட்டையோடு. அதில் மூத்தவள் சொன்னாள்:

"நாங்க துணி துவைக்கிற கல்ல எங்க வீட்டு ஆளு சாமியாக்கிட்டாருடி."

"என்னக்கா சொல்றீங்க?"

"தண்ணி கொட்டுற பீலியடியில கெடக்கே, அதேதான். அவரு கூட்டிட்டு வந்த வெள்ளைக்காரங்க இது என்னான்னு கேட்டிருக்காங்க. துவைக்கிற கல்லுன்னு சொன்னா கைடுக்குக் கௌரவம் போயிருமாம். ஆயிரம் வருஷத்துச் சாமின்னுட்டாரு."

"அவங்க நம்பிட்டாங்களா?"

"அவங்க மட்டும் நம்பியிருந்தா பரவாயில்லையே! பூ வச்சுக் கும்புட்டுட்டுப் போனாங்க. பூவைப் பாத்த நம்ம தோட்டத்து லயத்து ஆளுங்க மறுநாளே மஞ்சள் பூசி, சூலம் நட்டுட்டாங்க. இப்ப அதுல துணி வச்சா என்னைய அடிக்க வர்றாங்க."

"அண்ணன் உண்மையச் சொல்லலாமே?"

"கைடு தொரையாச்சே, சொல்லுவாரா? அவரே இப்ப செருப்பக் கழட்டிட்டுத்தான் அந்தப் பக்கம் போறாரு."

"மெதுவாப் பேசுங்கக்கா, முன்னுக்குத்தான் இருக்காரு."

"கேக்கட்டும்."

"அப்ப எங்க துவைக்கிறீங்க?"

"ஆத்துக்கு எறங்கித்தான். என் துணி, புள்ளைங்க துணி மட்டும். காலையில சட்டை துவைக்கலயான்னு கத்தினாரு. ஒங்க சாமிகிட்டயே துவைச்சுத் தரச் சொல்லுங்கன்னுட்டேன்."

கைடு திரும்பிப் பார்க்கவில்லை. அழுக்கேறிய காலரை உள்ளே மடித்துவிட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக ஒரு பாறையைக் காட்டி வெள்ளைக்காரர்களுக்கு ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர்கள் அதைப் பார்த்துக் கைகூப்பினார்கள்.